பேனிக் அட்டாக் வந்த நண்பரின் பக்கத்தில் இருப்பது எப்படி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், அலுவலகம் முடிந்து திரும்பும் கூட்டத்தின் நடுவே, என் நண்பர் ஒருவர் திடீரென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு அடைக்குது மச்சான், நான் போயிடுவேன் போலிருக்கு" என்றார். பழவந்தாங்கலில் இறங்கினோம். நடைமேடையில் அவரை உட்கார வைத்தபோது சட்டை முழுவதும் நனைந்திருந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்திருந்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருப்பதாகச் சொன்னார். வலிப்பு என்று நினைத்த ஒருவர் ஓடிவந்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை. பணியிலிருந்த மருத்துவர், "ஒண்ணுமில்ல, கேஸ்தான், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் முடிவதற்குள் அது மறுபடியும் வந்தது. அவருக்கு வந்தது பேனிக் அட்டாக்: உண்மையான ஆபத்து எதுவும் இல்லாமலே திடீரென்று மூளும் கடும் அச்சம்.

அந்த "ஒண்ணுமில்ல" என்ற சொல்லை நானும் அவரிடம் பலமுறை, ஆறுதல் என்றே நினைத்துச் சொல்லியிருக்கிறேன். சொல்கிறவருக்கு அது ஆறுதல். கேட்கிறவருக்கோ, தான் நடிப்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள், அல்லது கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒரு நோய் தனக்குள் இருக்கிறது என்ற இரண்டில் ஒன்றாகவே அது போய்ச் சேருகிறது. உண்மையில் அவர் உடலில் நடப்பவை ஏராளம். அவை ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் உண்டு. அந்த விளக்கத்தைத் தெரிந்துகொள்வதுதான் உடனிருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை. நான் மருத்துவன் அல்லன். இங்கே எழுதுவது மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்றும் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து நேர்ந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். மூளை அபாய மணியை அடித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது; கை கால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது; வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் குமட்டுகிறது; சூட்டைத் தணிக்க வியர்வை பெருகுகிறது. தெருநாய் துரத்தும்போது இவை அனைத்தும் நமக்கு நடக்கின்றன. ஓடிக்கொண்டிருப்பதால் நாம் கவனிப்பதில்லை. பேனிக் அட்டாக்கில் நாய் இல்லை, மணி மட்டும் அடிக்கிறது. ஓடுவதற்காகத் தயாரான உடல் ரயில் பெட்டியில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்போது, அந்தத் தயாரிப்பு முழுவதும் நோய்போலவே உணரப்படுகிறது.

இதில் மூச்சு தொடர்பான பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவரை மிகவும் அச்சுறுத்தும் அறிகுறிகள் பலவும் அங்கிருந்தே வருகின்றன. மூச்சு முட்டுவதாக உணர்பவர் மேலும் மேலும் காற்றை இழுக்கிறார். ஆனால் அவருக்கு ஆக்சிஜன் குறையவில்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை அந்த நேரத்தில் விரலில் மாட்டினால் பெரும்பாலும் 98 அல்லது 99 என்றே காட்டும். குறைவது கரியமில வாயு. வேகமாக மூச்சு விடுவதால் அது அளவுக்கு மீறி வெளியேறும்போது இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது, கால் தரையில் பாவாததுபோல் இருக்கிறது. அதே காரணத்தால் இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் குறைந்து, நரம்புகள் சிறு தூண்டலுக்கும் துள்ளத் தொடங்குகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோல் இருப்பதும், விரல்கள் மடங்கி விறைப்பதும் இதனால்தான். பழவந்தாங்கலில் நான் பார்த்தது இதைத்தான். மூச்சு நிதானப்பட்ட சில நிமிடங்களில் அவர் விரல்கள் தாமாகவே விரிந்தன. சாவிக்கொத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வலிப்பிலேயேகூட இரும்பால் பயன் கிடையாது என்பது வேறு விஷயம்.

நெஞ்சுவலியும் பொய்யல்ல. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகிய நிலையில் வேகவேகமாக வேலை செய்வதால் அங்கே உண்மையாகவே வலிக்கிறது. தொண்டையில் உருண்டை அடைத்திருப்பதுபோன்ற உணர்வு, திடீர்க் குளிர், திடீர்ச் சூடு, உடனே கழிவறைக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பலர் வெளியில் சொல்லக் கூசும் ஓர் அறிகுறி உண்டு: சுற்றியுள்ளவை எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோலவும், பேசுவது தன் குரலே இல்லை என்பதுபோலவும் தோன்றும். என் நண்பர் நெஞ்சுவலியைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார். தனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று நம்பி, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். பேனிக் அட்டாக்கில் இது வழக்கமாக வருவதுதான் என்று ஒருவர் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. மயக்கம் வருவது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. பேனிக் அட்டாக்கிலோ அழுத்தம் சற்று ஏறுகிறது. ஆகவே உண்மையிலேயே மயங்கி விழுவது அரிது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் அஞ்சுபவர்களுக்கு மட்டும் அழுத்தம் இறங்குவதுண்டு.

இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று அலைகள் வரலாம். முடிந்தபின் வயல்வேலை செய்தவரைப்போல் உடல் அசந்துபோகும். தூக்கத்திலும் இது வரும். கெட்ட கனவு எதுவும் இல்லாமலே இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். "நல்லாத் தூங்கிட்டிருந்தவருக்கு என்ன கவலை வந்திருக்கும்?" என்று வீட்டார் கேட்பது இயல்பு, அந்த நேரத்தில் கவலை ஒன்று இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதே பதில்.

காரணமில்லாமல் அடித்த மணி ஏன் நிற்காமல் அடிக்கிறது என்பதற்கு பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் ஒரு விளக்கம் தந்தார். இதயம் ஒருமுறை தடதடத்ததும், "இது மாரடைப்பு" என்று மனம் பொருள் கொள்கிறது, அந்த எண்ணமே புதிய அபாயமாகி மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது, இதயம் இன்னும் தடதடக்கிறது, எண்ணம் உறுதிப்படுகிறது. செக்கு மாடுபோல் இது சுற்றிச் சுற்றி வருகிறது. உடனிருப்பவர் தம் கண்களில் கலவரத்தைக் காட்டினால் அதே செக்கில் தாமும் பூட்டிக்கொள்கிறார்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மென்மையால் வந்த புது நோய் என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருந்ததையும், இதயத்தில் அதற்கான கோளாறு தென்படாததையும் ஜேகப் மென்டிஸ் டகோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதிவைத்தார். அது முழுக்க இதே நோய்தானா என்று இன்று சொல்ல முடியாவிட்டாலும், வருணனை நம் காதுக்கு மிகவும் பழகியதாக இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 1980-இல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. இன்றைய வரையறை பதின்மூன்று அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது நான்கு ஒன்றாகத் திடீரென்று மூண்டால் பேனிக் அட்டாக் என்கிறது. ஒருமுறை வந்துபோவது நோயாகாது. எதிர்பாராமல் மீண்டும் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது என்ற அச்சமோ, அதற்காக அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது தொடர்ந்தால்தான் அதற்குப் பேனிக் நோய் என்று பெயர்.

இதயமா, பயமா

இந்த இடத்தில் நான் யாருக்கும் தைரியம் சொல்ல விரும்பவில்லை. முதல் முறை வரும்போது, அது பேனிக் அட்டாக்தான் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யும் தகுதி நமக்கு இல்லை. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோன்ற அழுத்தம் இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலும், படியேறும்போதோ சுமை தூக்கும்போதோ தொடங்கினாலும், வலி சில நிமிடங்களுக்கு மேல் குறையாமல் நின்றாலும், உண்மையாகவே நினைவு தப்பினாலும் 108-ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு அந்த எண் 1990. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பெரிய வலியில்லாமல், வியர்வையாகவும் குமட்டலாகவும் மூச்சுத்திணறலாகவும் வந்துபோகக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே பேனிக் நோய் உள்ளவருக்கும் ஒருநாள் இதயநோய் வரலாம். வழக்கத்துக்கு மாறான ஓர் அறிகுறியை அவர் சொன்னால், "உனக்கு எப்பவும் இப்படித்தானே" என்று ஒதுக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிற நண்பராக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் நடுக்கமும் வியர்வையும் பேனிக் அட்டாக்கைப் போலவே இருக்கும். தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, ஆஸ்துமா, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுதல் ஆகியவையும் இந்த வேடத்தைப் போடுபவைதான். மூச்சை ஒரு காகிதப் பைக்குள் விடச் சொல்லும் பழைய வைத்தியத்தைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். இதயநோயோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு அது உயிராபத்தாக முடியக்கூடும் என்பதால் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை.

அந்தப் பத்து நிமிடம்

முதலில் கூட்டத்தை விலக்குங்கள், பிறகு நீங்கள் உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பேசும் குரல், எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அவசரத்தையே காட்டுகிறது. தொடுவதற்கு முன் கேளுங்கள். ஒருவருக்குக் கையைப் பிடித்துக்கொண்டால் நிம்மதி, இன்னொருவருக்கு அதுவே கட்டிப்போட்டதுபோல் மூச்சை முட்டவைக்கும். பேச்சைக் குறைத்து, சொல்வதை மெதுவாகச் சொல்லுங்கள். "பயப்படாதே" என்பதால் பயன் ஒன்றுமில்லை, அது அவர் கையில் இல்லை. நான் பழகிக்கொண்ட வாக்கியங்கள் இவை: "இது முன்னாடியும் வந்திருக்கு. இப்ப ஏறிட்டிருக்கு, கொஞ்ச நேரத்துல இறங்கும். நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்." இந்த மூன்றிலும் பொய் இல்லை, அந்த நிலையில் இருப்பவர் பொய்யை உடனே கண்டுகொள்வார்.

எல்லோரும் சொல்வது, "நல்லா ஆழமா மூச்சை இழு" என்பது. ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சு விட்டுக்கொண்டிருப்பவருக்கு இது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். இழுப்பதைவிட விடுவதே முக்கியம். வாயை மூடி மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். சொல்வதைவிட நீங்களே அவருக்குக் கேட்கும்படி செய்துகாட்டுவது நல்லது. சிறிது நேரத்தில் அவர் மூச்சு உங்கள் மூச்சோடு வந்து சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை அவருக்குப் பதற்றம் தந்தால் விட்டுவிடுங்கள், இது தேர்வல்ல.

மூச்சு பிடிபடாதபோது கவனத்தை உடலுக்கு வெளியே கொண்டுவரலாம். செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்வது, எதிரே நிற்பவர்களின் சட்டை நிறங்களைச் சொல்லச் சொல்வது போன்ற எளியவையே போதும். என் நண்பருக்குக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது கைகொடுத்தது. கோடம்பாக்கத்தில் தடுமாறுவார், கிண்டி வரும்போது குரல் தெளிந்துவிடும். தண்ணீரை ஒரு மிடறாகக் கொடுங்கள். சோடா, இஞ்சி மொரப்பா, ஜெலுசில் என்று சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொன்றாக நீட்டுவார்கள். பெரிய கெடுதல் இல்லையென்றாலும், "கேஸ்" என்ற தவறான விளக்கமும் அவற்றோடு சேர்ந்தே உள்ளே போகிறது. யாருடைய தூக்க மாத்திரையையும் கொடுக்கக் கூடாது.

இடம் பாதுகாப்பானதாக இருந்தால், அலை தணியும்வரை அங்கேயே இருக்க முயல்வது நல்லது. உச்சத்தில் இறங்கி ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது; அடுத்த முறை அந்த இடத்துக்குப் பக்கத்தில் போனாலே மணி அடிக்கும். ஆனால் இதை வற்புறுத்தலாக்காதீர்கள். அவர் இறங்க வேண்டும் என்றால் இறங்குங்கள்.

முடிந்த பிறகு

உடனே விசாரணை தொடங்க வேண்டாம். "என்ன நினைச்சே, ஏன் வந்தது?" என்ற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை, ஏற்கெனவே வெட்கத்தில் இருக்கிறார். தூங்க விடுங்கள். இரண்டொரு நாள் கழித்து, உட்கார்ந்து பேசும் நேரத்தில், அடுத்த முறை வந்தால் நான் என்ன செய்யட்டும், என்ன செய்யாமல் இருக்கட்டும் என்று கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு தூங்கினாரா, எத்தனை காப்பி குடித்தார், மது அருந்தினாரா என்பதைச் சுருக்கமாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மது அன்றைக்குத் தளர்வு தருவதுபோல் தோன்றி, போதை இறங்கும் மறுநாள் காலையில் படபடப்பைக் கூட்டும். என் நண்பரின் குறிப்பேட்டில் இது பளிச்சென்று தெரிந்தது.

உடல் பரிசோதனைகளை ஒருமுறை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டு, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இந்தப் படியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். "நான் என்ன பைத்தியமா?" என்ற கேள்வி வரும். வீட்டில் பயந்த கோளாறு என்று சொல்லி மந்திரித்து வேப்பிலை அடித்திருப்பார்கள்; திருநீறு பூசிக்கொண்டால் மனம் அமைதிப்படுகிறது என்றால் பூசிக்கொள்ளட்டும், நான் தடுக்க மாட்டேன், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. "அபாய மணி தப்பா அடிக்குது, அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் சம்மதிக்க ஒரு மாதம் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. அவர் எப்போதாவது சாவதே மேல் என்ற தொனியில் பேசினால், அது பேனிக் அட்டாக்கின்போது வரும் "செத்துவிடுவேனோ" என்ற அச்சம் அல்ல; அன்றைக்குத் தனியாக விடாதீர்கள், உடனே உதவி தேடுங்கள்.

சிகிச்சையில் இரண்டு வழிகள் நன்கு நிலைபெற்றவை. ஒன்று, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. இதில் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் நாற்காலியில் சுற்றித் தலைசுற்றலையும், படியேறி இறங்கிப் படபடப்பையும் வேண்டுமென்றே வரவழைத்து, அவை ஆபத்தானவை அல்ல என்று உடலுக்கே பழக்குகிறார்கள். மற்றொன்று, செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள். இவை பலன்தரச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பு கூடுவதுபோலவும் இருக்கலாம். பலர் அந்த நாட்களில்தான் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள், ஆகவே நண்பராக நீங்கள் கவனிக்க வேண்டிய காலமும் அதுதான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உடனே வேலை செய்வதால் அவற்றின்மீது ஆசை வரும்; அடிமைப்படுத்தும் இயல்பும் அவற்றுக்கு உண்டு என்பதால் மருத்துவர் சொன்ன அளவுக்கும் நாட்களுக்கும் மேல் போகக் கூடாது.

கடைசியாக, நான் செய்த தவறு. மின்சார ரயிலில் தனியாகப் போக அஞ்சியவருக்குத் துணையாக நான்கு மாதம் தினமும் உடன் போனேன். தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை அட்டை, கதவோர இருக்கை, நான் என்று அவருக்கு நான்கு காப்புகள் இருந்தன. அந்த நான்கு மாதத்தில் அட்டாக் குறைந்தது, பயம் குறையவில்லை. நான் ஊருக்குப் போன வாரம் அவர் அலுவலகத்துக்கே போகவில்லை. அவருடைய சிகிச்சையாளர்தான் இதை எனக்கு விளக்கினார்: நான் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் மனம் எழுதிக்கொண்டிருந்ததே தவிர, ரயில் ஆபத்தில்லை என்று எழுதவே இல்லை. தினம் ஐந்து முறை பி.பி. பார்ப்பதும், கைக்கடிகாரத்தில் துடிப்பை எண்ணுவதும், "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு நம்மிடம் உறுதி வாங்குவதும் இதே வகைதான்.

ஆகவே திட்டம் போட்டு விலகினேன், அவருக்குத் தெரிந்தே, அவர் சொன்ன வேகத்தில். முதலில் ஒரே பெட்டியில் தள்ளி நின்றேன். பிறகு அடுத்த பெட்டி. பிறகு அடுத்த ரயில். பிறகு இறங்கியதும் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும். நடுவில் இரண்டு முறை அட்டாக் வந்து, ஒரு படி பின்னால் வந்து, மறுபடியும் தொடங்கினோம். இப்போது தனியாகப் போய் வருகிறார். பழவந்தாங்கல் தாண்டும்போது உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது என்கிறார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அங்கே இறங்காமல் தாம்பரம்வரை போகிறார்.